நாற்பது விநாடி பின்னால் ஓடிய அறை

யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் இணைய ரசிகர் மன்றத்தில் எதை எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவோம். எனக்கு வேறு மாதிரி எழுதிப் பழக்கமில்லை.

முன்னறையில்: அண்ணி, தரையில், சுவரில் சாய்ந்து. மெக்கானிக், வீட்டில் இருக்கிற ஒரே சோபாவில், காலை நீட்டிக்கொண்டு. அவர் மனைவி டீச்சர், அதே சோபாவில் அவர் விட்டுவைத்த இடத்தில். நான், உள்ளறைக் கதவை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில்.

உள்ளறையில்: அண்ணன், கட்டிலில்.

ஆக ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை.

மேடம், நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத் தாளை முழுக்கப் படித்தேன். நேரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு வரிதான் தவறு. ‘கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடாமல் வெள்ளைத்தாள் கேட்டது அதற்காகத்தான். மூன்று வருடம் அண்ணனைப் பார்த்துக்கொண்டவன் நான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கவனக்குறைவு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

‘ஏழாம் வட்டம்’ தொடரை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்கலம் வழி தவறிவிடுகிறது. முப்பது வருடமாக வீடு திரும்பப் பார்க்கிறது. மின்சாரம் குறையும்போதெல்லாம் கலத்தில் இருப்பவர்கள் தனித்தனி அறைகளில் அடைந்துகொள்வார்கள். தளபதி ஒலிபெருக்கியில் கேட்பார்: “எல்லோரும் இருக்கிறீர்களா?” ஒவ்வொருவரும் தன் அறைச் சுவரை மூன்று முறை தட்ட வேண்டும். தட்டல் வராத அறையில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வாரமும் அந்தக் கட்டத்தில்தான் முடிப்பார்கள். மன்றத்தில் வருகைப் பட்டியல் போட்டுத் தொடங்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள்.

தொடர் ஆரம்பித்தபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. எனக்கு ஒன்று. எனக்கு விவரம் தெரிந்தபோது நான் அவர் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவரும், அந்தத் தொடரும். பிறகு அண்ணி வந்தார். கல்யாணமான முதல் வாரமே மெக்கானிக் அண்ணியிடம் சொன்னாராம்: “தங்கச்சி, இவங்க ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டது பத்தாதுன்னு ஒரு கப்பலையும் கட்டிக்கிட்டு வந்திருக்கே. பாத்துக்கோ.” மெக்கானிக் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். இரு சக்கர வண்டிகள் பழுது பார்க்கிறார். அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

நான் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து போகப் பிடிக்கவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிறகு பார்சல் பிரிக்கும் கூடத்தில் ராத்திரி வேலை கிடைத்தது. விலாசம் அரைகுறையாக, கிழிந்து, நனைந்து வரும் பார்சல்கள் என் மேசைக்கு வரும். ‘பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், பச்சை கேட்’ என்று மட்டும் இருக்கும். மிச்சத்தை நான் கண்டுபிடித்து எழுத வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியாகப் போய்ச் சேரும். பாதி எழுத்தைப் பார்த்து முழுசும் சொல்வதில் அந்தக் கூடத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மெக்கானிக் எனக்கு வைத்த பெயர் ‘பார்சல்’.

நான்கு வருடத்துக்கு முன்பு அண்ணன் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. அது ஆரம்பம். தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய் என்றார் டாக்டர். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு. ஒரு வருடத்தில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயில் சளி சேரும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், சில நாள் அரை மணிக்கு ஒரு தரம், மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைக்கும். இதை அண்ணிக்கும் எனக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் நாலு நாள் சொல்லிக் கொடுத்தார். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

வலது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சியது. அதன் கீழே ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் எங்கள் பையில் இருக்கும் சின்னக் கருவியில் மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும். ஒரு மணி என்றால் சளி. இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று மணி, தொடருக்காக. தளபதி கேட்கும்போது அண்ணன் மூன்று முறை அழுத்துவார். நாங்கள் தரையில் மூன்று முறை தட்டுவோம். அந்த ஏற்பாட்டைச் சொன்னது நான். அன்றைக்கு அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நோயில் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

இப்போது மன்றத்தைப் பற்றி.

அண்ணன் அங்கே ‘தொலைநோக்கி’ என்ற பெயரில் பல வருடமாக எழுதிவந்தார். இரண்டு வரி, மூன்று வரி. ‘இந்த வாரம் பரவாயில்லை. இசை அதிகம்.’ அவ்வளவுதான். பேச்சு போன பிறகு எழுத்துப் பலகை வந்தது. நான் வரிசையைச் சுட்டுவேன், அவர் கண்ணை மூடித் திறப்பார். பிறகு எழுத்தைச் சுட்டுவேன், மறுபடி மூடித் திறப்பார். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அண்ணிக்கு வீட்டு வேலை, அண்ணன் வேலை எல்லாம் இருந்ததால் பகலில் பலகை பிடிப்பது என் பொறுப்பு. ராத்திரி வேலை முடிந்து வந்து பிடிப்பேன். மூன்றாவது எழுத்திலேயே எனக்கு வார்த்தை தெரிந்துவிடும். நான் சொல்வேன், அவர் கண்ணை மூடித் திறப்பார். பிறகு வார்த்தையிலேயே வரி தெரிந்தது. பிறகு வரியிலேயே பத்தி.

அவர் ‘தளபதி’ என்று மட்டும் சொன்ன ஒரு நாள், நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முப்பது வருடம் ஒரே கேள்வியைக் கேட்கிற மனிதனுக்கு உண்மையில் பதில் வேண்டியதில்லை, கேட்கும் தைரியம்தான் வேண்டும் என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடினார். திறக்கக் கொஞ்சம் நேரமானது. ஆனாலும் திறந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதை நாலாயிரம் பேர் படித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நள்ளிரவில் அழுததாக எழுதினார்கள். ‘படுக்கையில் கிடந்துகொண்டு இவர் பார்ப்பதை நாம் ஓடியாடிக்கொண்டு பார்க்கவில்லை’ என்று ஒருவர் எழுதினார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் காத்திருந்தார்கள். தொடர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பு தொலைநோக்கி என்ன சொன்னார் என்று பார்த்தார்கள். மூன்று வருடம். நான் என் பெயரில் ஒரு வரி எழுதியதில்லை. இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

முப்பதாம் ஆண்டுச் சிறப்புப் படம் என்று அறிவித்தார்கள். ஒன்றரை மணி நேரம், விளம்பரம் கிடையாது. கலம் வீடு திரும்புமா திரும்பாதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். மன்றத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். படம் முடிந்து அரை மணிக்குள் எழுதுவதுதான் அங்கே கருத்து. அதற்கு மேல் எழுதினால் அது யோசித்து எழுதியது, கணக்கில் வராது. இது எங்கள் விதி. தொலைநோக்கியின் கருத்துக்கென்று தனியாக ஒரு பக்கமே திறந்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. வெறும் தலைப்பு. அந்த வெறும் பக்கத்தை ஆயிரம் பேர் விரும்பியிருந்தார்கள்.

அதே வாரத்தில்தான், ஆஸ்பத்திரி வழியாக அண்ணனுக்குக் கேட்டிருந்த, கண்ணால் எழுதும் கருவிக்கு அனுமதி வந்தது. திரையில் எழுத்துகள் இருக்கும். பார்த்தால் போதும், அது தட்டச்சு செய்யும். பேசவும் செய்யும். பயிற்சி கொடுக்கும் அம்மா வியாழக்கிழமை மதியம் ஒரு முறை கொண்டுவந்து அண்ணனுக்குப் பொருத்திப் பார்த்தார். நான் வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை நிரந்தரமாகக் கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பலகை பிடித்தேன். ‘இனி நா’ வரை வந்தது.

“இனி நானே எழுதிக்கிறேன். அதானேண்ணா?” என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். இந்தத் தடவை தாமதமே இல்லை.

“சரிண்ணா, நல்லதாப் போச்சு. எனக்கும் தூக்கம் கெடுது” என்றேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். நான் யோசித்தது அண்ணனுக்காக. அந்தக் கருவியில் அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ‘பரவாயில்லை. இசை அதிகம்.’ காத்திருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் படிப்பார்கள். ஒரு வாரம் பொறுப்பார்கள். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்பார்கள். அடுத்த வாரம் யாராவது ஒருவன் கேட்பான், அப்படியானால் இதுவரை எழுதியது யார் என்று. மூன்று வருடம் மனிதர்கள் கண்ணீர் விட்டுப் படித்த ஒருவர் அன்றோடு இல்லாமல் போவார். அண்ணனின் பெயரை அண்ணனிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமையே கருத்தை எழுதி வைத்தேன். கதையின் முடிவு எனக்குத் தெரியாது. தேவைப்படவும் இல்லை. கலம் திரும்பினால் இரண்டு பத்தி, திரும்பாவிட்டால் இரண்டு பத்தி. மிச்சம் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். இது திட்டமிட்டதற்குச் சாட்சி என்று நீங்கள் சொல்லலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்துவந்தேன். அரை மணிக்குள் ஒன்றரைப் பக்கம் எழுத எவனாலும் முடியாது.

வழக்கமாக உள்ளறையில், அண்ணன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துதான் பார்ப்போம். இந்த முறை மெக்கானிக் தன் கடையில் மாட்டியிருந்த பெரிய டிவியைக் கழற்றி வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளறையில் அதை வைக்க இடமில்லை. கட்டிலை வெளியே கொண்டுவர வாசல் அகலம் போதாது. “மாப்ளைக்கு உள்ளயே ஏற்பாடு பண்ணுடா பார்சல்” என்றார் என்னிடம். நான் அண்ணன் முகத்துக்கு நேராக டேப்லெட்டைத் தொங்கவிட்டு, தொலைக்காட்சி நிறுவனத்தின் செயலியில் படம் வரும்படி செய்தேன். சம்மதமா என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். படம் ஓடும்போது செல்போன் எல்லாம் வாளிக்குள், உள்ளறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்றும் மெக்கானிக்தான் சொன்னார். சளி மெஷினும் ஆக்சிஜன் மெஷினும் போடும் சத்தத்தில் வசனம் கேட்காது என்று. அவர் மேல் தப்பில்லை. சத்தம் அப்படித்தான் இருக்கும்.

மணிக்கருவி அண்ணியிடம் இருந்தது. நான் கை நீட்டினேன்.

“குடுங்க அண்ணி. இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு படமாவது முழுசாப் பாருங்க.”

“உனக்கும்தானே ஆசை.”

“நான் கதவுகிட்டதான் இருக்கேன். நீங்க எழுந்தா எல்லாரையும் மிதிச்சிக்கிட்டுப் போகணும்.”

“குடுத்துடு தங்கச்சி,” என்றார் மெக்கானிக். “பார்சல் கைக்குப் போனா பத்திரமாப் போய்ச் சேரும்.”

அண்ணி கொடுத்தார்.

படம் ஆரம்பித்தது. முதல் அரை மணி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர், அவருக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். “ஒளியோட வேகத்துல போறாங்களாம். கோப்பையில டீ அலுங்கக்கூட இல்ல” என்றார். “நீ வாய மூடு. நம்ம வீட்டு பஸ் ஸ்டாப்புக்கே உன்னால நேரத்துக்குப் போக முடியல” என்றார் மெக்கானிக். அண்ணி சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார், யாராவது எழுந்துவிடுவார்கள் என்பதுபோல. அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நாலு இருபத்தைந்துக்கு ஒரு மணி அடித்தது. நான் உள்ளே போனேன். மெஷின் போட்டுச் சளி எடுத்தேன். தலையைத் துடைத்தேன். அண்ணன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், வெளியே நாங்கள் பார்த்து முடித்துவிட்ட காட்சி அங்கே அப்போதுதான் வந்தது. செயலியில் வருவது எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். எங்கள் தெருவில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் இவன் வீட்டில் கோல் விழும். அன்றைக்கு எத்தனை விநாடி என்று நின்று எண்ணினேன். நாற்பது. பார்சல் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு, படத்தின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், கலத்தின் விளக்குகள் அணைந்தன. தளபதி ஒலிவாங்கியை எடுத்தார். “எல்லோரும் இருக்கிறீர்களா?” என்றார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது. ஒன்று. சற்று இடைவெளி. இன்னொன்று. மறுபடியும் இடைவெளி. இன்னொன்று.

“பாத்தியா, மாப்ள உள்ளேருந்து குரல் குடுக்கிறான்” என்று மெக்கானிக் சோபாவில் எழுந்தே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அண்ணி பாதி எழுந்தார். “சளியா இருக்குமோ? விட்டு விட்டு அடிக்குதே.”

“மூணு அண்ணி,” என்றேன். “மூணு மணி. தளபதிக்கு.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தார். பிறகு நாங்கள் நால்வரும் குனிந்து தரையில் மூன்று முறை தட்டினோம். டீச்சர்கூடத் தட்டினார்.

நான் பையில் கைவிட்டு மணிச் சத்தத்தைக் குறைத்தேன். முழுக்கக் குறைத்தேன்.

மேடம், இதுவரைக்கும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தக் கருவி ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு குறித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணி மூன்று நிமிடம் வரை ஒன்பது அழைப்பு என்று காட்டினீர்கள். தளபதிக்குப் பதில் சொல்கிறார் என்று தவறாக எடுத்துக்கொண்டேன், பிறகு படத்தில் மூழ்கிவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். மெக்கானிக்கும் டீச்சரும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் நீங்களும் கவனக்குறைவு என்று எழுதினீர்கள்.

ஆனால் அண்ணனின் அறை நாற்பது விநாடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மணி அடித்தபோது அவருடைய திரையில் தளபதி இன்னும் ஒலிவாங்கியை எடுக்கவே இல்லை. விளக்குகூட அணைந்திருக்காது. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது மணி அடித்து முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் அண்ணியிடம் மூன்று என்று சொன்னேன்.

அவ்வளவுதான். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பதாவது விநாடியில் தளபதி உள்ளே அண்ணனிடம் கேட்டிருப்பார். சட்டைத் துணி வழியாகச் சிவப்பு தெரிந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டேன். என் முதுகுக்கும் அண்ணன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கதவு, நாலு அடி. இருமல் கேட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். குழாய் வைத்தவர்களுக்கு இருமல் சத்தம் வராது.

கலம் வீடு திரும்பியது. அண்ணி அழுதார். எல்லோரும் அழுதார்கள். படம் முடிந்ததும் அண்ணி எழுந்தார். “நான் போறேன் அண்ணி, நீங்க டீ போடுங்க” என்றேன். அவர் அடுப்படிக்குப் போனார். நான் வாளியிலிருந்து போனை எடுத்து, திரும்பினால் போட வேண்டிய இரண்டு பத்தியை வைத்துக்கொண்டு, திரும்பாவிட்டால் போட வேண்டியதை நீக்கினேன். மேலே வருகைப் பட்டியல் போட்டேன். ஐந்து பேர். அனுப்பினேன். ஐந்து முப்பத்தெட்டு. அரை மணி விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. பிறகு கதவைத் திறந்தேன்.

டேப்லெட், முதல் பாகத்திலிருந்து மறுபடி பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. அவர் டீயோடு வந்தார்.

மன்றத்தில் படத்தைப் பற்றி இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். ‘முப்பது வருஷம் அலைய விட்டுட்டு ஒன்றரை மணியில கொண்டுவந்து இறக்கிட்டான்’ என்று பாதிப்பேர். ‘இதுக்காகத்தான் உயிரோட இருந்தேன்’ என்று பாதிப்பேர். தொலைநோக்கி எழுதியதைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து இல்லை. அவர் இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்றார்கள். மறுநாள் செய்தி போனது. அதன் பிறகு வந்ததை எல்லாம் நான் படித்தேன், நீங்கள் போனை வாங்கும்வரை படித்தேன். ‘கலம் கரை சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.’ ‘கடைசி மூச்சில் இதை எழுதியிருக்கிறார்.’ பதினோராயிரம் பேர். சாவதற்கு முன்பு அண்ணன் கலம் திரும்பியதைப் பார்க்கவில்லை என்று அவர்களிடம் யாரும் சொல்ல வேண்டாம். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

டாக்டர் குறித்த நேரத்தையும் எழுத்து வெளியான நேரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது நீங்கள்தான். செத்தவர் எப்படி அரை மணி கழித்து எழுதுவார் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி.

இப்போது ‘கவனக்குறைவு’ என்பதை எடுத்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அண்ணி வந்தார். அதையும் எழுதுவதுதான் முறை. நீங்கள் கொடுத்த பத்து நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் அவர் மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மூணுன்னு நீ சொன்னே,” என்றார். “நான் உக்காந்துட்டேன்.”

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். வியாழக்கிழமை கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, மனதில் இருப்பதை எதையாவது எழுதுங்கள் என்று பயிற்சி அம்மா சொன்னாராம். அண்ணன் முக்கால் மணி நேரம் எழுதினாராம். அது கருவியிலேயே இருந்துவிட்டது. இப்போது அச்செடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அப்படியே தருகிறேன்.

‘தலையணை உயரம். ஒரு வருஷமா. இறக்கணும். ஃபேன் நேரா மூஞ்சில வேண்டாம். அவ முதுகு வலிக்கு டாக்டர்கிட்ட போகணும். நான் இருக்கேன்னு போகாம இருக்கா. மன்றத்துல எழுதறது தம்பி. நான் இல்ல. நல்லா எழுதறான். அவன் பேரைப் போட்டுக்கச் சொல்லணும். நான் சொன்னா ஒத்துக்க மாட்டான். சிறப்புப் படம் அன்னிக்கு நானே எழுதிச் சொல்லிடறேன். எனக்குத் தளபதியைப் பிடிக்காது. சமையல்காரனைத்தான் பிடிக்கும். இசை அதிகம்.’

இரண்டு முறை படித்தேன்.

“தலையணை உயரமாம் தம்பி,” என்றார் அண்ணி. “மூணு வருஷமா அவர் பேர்ல பக்கம் பக்கமா எழுதினியே. ஒரு நாள்கூட இது வரலியா?”

அவர் அழுதுகொண்டு கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாத வரிகள். தலையணையிலிருந்து ஃபேனுக்கும், ஃபேனிலிருந்து முதுகு வலிக்கும் தாவுகிறது. தளபதியைப் பிடிக்காது என்று ஒரு இடம். முதல்முறை கருவியில் எழுதியவர் தடுமாறியிருக்கிறார் என்று தோன்றியது.

“அண்ணி, இது அண்ணன் மாதிரியே இல்ல,” என்றேன். “அண்ணன் இப்படி எழுத மாட்டார். வெச்சிட்டுப் போங்க. நான் கொஞ்சம் சரி பண்ணித் தரேன். அப்புறம் மன்றத்துல போடலாம்.”

அண்ணி என் விரல்களிலிருந்து தாளை எடுத்துக்கொண்டார். பழைய மடிப்பிலேயே மடித்தார். காவலர் கதவைத் திறந்துவிட்டார். அண்ணி வெளியே போனதும் சாத்தி, அந்தப் பக்கமிருந்து பூட்டினார்.